தோட்டத்திற்கு மேல்மண் எவ்வளவு வேண்டும்?

பள்ளிக்கூடத்திலோ, ஊராட்சி மன்ற அலுவலகத்தின் முன்னிடத்திலோ, அங்கன்வாடியின் பின்புறத்திலோ ஒரு சிறு தோட்டம் அமைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியதும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை லோடு மண் அடிக்க வேண்டும்?" என்பதாகும். தலைமை ஆசிரியர் ஒரு விடை கூறுவார். ஊராட்சிச் செயலாளர் வேறொரு விடை கூறுவார். டிராக்டர் உரிமையாளர் கூறும் விடை இவ்விரண்டிற்கும் மேற்பட்டதாக இருக்கும். பெரும்பாலும் அதுவே மதிப்பீட்டில் ஏறிவிடும். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் தொழில் பிரதேசத்தில் இக்கேள்விக்கு விடை காண்பது மற்ற இடங்களைவிடச் சற்றுக் கடினம். கணக்கிடும் முறையையும், அக்கணக்கில் நாமே செய்த பிழைகளையும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

பிழையிலிருந்தே தொடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றின் தொடக்கப் பள்ளியில் புல்தரையும் காய்கறித் தோட்டமும் அமைக்க ஏற்பாடாயிற்று. இடம் 60 அடி நீளம், 40 அடி அகலம். அதாவது 2,400 சதுர அடி, ஏறத்தாழ ஐந்தரை சென்ட். தரை கட்டாந்தரை. அரை அடி உயரத்திற்குச் செம்மண் பரப்பினால் போதும் என்று கொண்டோம். 2,400 சதுர அடியை அரை அடியால் பெருக்கினால் 1,200 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். ஆகவே 12 யூனிட். டிராக்டர் ஒரு நடைக்கு ஒரு யூனிட் கொண்டுவரும் என்பதால் 12 லோடு. மதிப்பீடு இவ்வளவில் முடிந்தது. ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டவரும் நாமே.

பன்னிரண்டு லோடு மண்ணும் வந்து சேர்ந்தது. பரப்பிப் பார்த்தபோது குறைவாகத் தோன்றவே, டிரெய்லரின் பெட்டியை டேப்புக் கொண்டு அளந்தோம். உள் நீளம் 10 அடி, அகலம் 6 அடி, பக்கப்பலகையின் உயரம் ஒன்றரை அடி. பெருக்கினால் 90 கன அடி. யூனிட் என்ற பெயரில் வந்தது யூனிட் அன்று. ஒவ்வொரு நடையிலும் பத்துக் கன அடி குறைந்திருந்தது. பன்னிரண்டு நடையில் 1,080 கன அடிதான் வந்தது. இதில் டிராக்டர்காரரைக் குறை கூற இடமில்லை. பெட்டியை அளக்காமல் கணக்கிட்டது நமது தவறு.

இரண்டாவது தவறு இதனினும் பெரிது. தோண்டி எடுத்த மண் பொலபொலவென்று உப்பியிருக்கும். தண்ணீர் பட்டு, இரண்டு மூன்று மழை பெய்து, மேலே ஆள் நடமாட்டமும் ஏற்பட்டபின் அது அமுங்கும். சாதாரணச் செம்மண் ஐந்தில் ஒரு பங்கு வரை இறங்குவதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். 1,080 கன அடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் மிஞ்சுவது 864 கன அடி. அதை 2,400 சதுர அடியில் பரப்பினால் உயரம் 4¼ அங்குலத்திற்குச் சற்றே அதிகம். ஆறு அங்குலத்திற்குப் பணம் கொடுத்து நாலேகால் அங்குலம் பெற்றோம்.

இவ்விடத்தில் ஒரு சிறு நுட்பம் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும் என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வாங்கினால் போதும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது போதாது. அமுங்கிய பின் 100 கன அடி நிற்க வேண்டுமானால் 120 கன அடி வாங்கினால் மிஞ்சுவது 96 தான், 125 வாங்கவேண்டும். எனவே தேவையான கன அளவை 1¼ ஆல் பெருக்குவதே சரியான முறை. நமது பள்ளிக்கு அன்று வேண்டியிருந்தது 1,500 கன அடி. 90 கன அடிப் பெட்டியில் 17 நடை.

இதுவரை கூறியது எந்த ஊருக்கும் பொருந்தும். இனித் தோல் பிரதேசத்திற்கு உரிய விஷயத்திற்கு வருவோம்.

அப்பள்ளியில் புல் நன்றாகவே பற்றியது. கத்தரியும் வெண்டையும் முதற் பருவத்தில் காய்த்தன. மறுகோடையில் இலைகளின் ஓரம் தீய்ந்தது. பாத்தியின் விளிம்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பூச்சி மருந்து அடித்துப் பார்த்தோம். எரு இட்டுப் பார்த்தோம். ஒரு நாள், பள்ளியின் எதிர்வீட்டுப் பெரியவர், முன்னாளில் பாலாற்றங்கரையில் தென்னையும் கரும்பும் பயிரிட்டவர், வேலியருகே நின்று, "மண்ணைக் கொட்டறதுக்கு முன்னாடி போர்த் தண்ணியை வாயில வச்சுப் பார்த்தீங்களா, ஐயா?" என்று கேட்டார். நாம் பார்க்கவில்லை.

பிறகு தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 2,000 மில்லிகிராம் அளவில் இருந்தது. இந்த எண்ணைக் காகிதத்தில் படித்தால் ஒன்றும் தோன்றாது. கணக்கிட்டுப் பார்த்தால் திடுக்கிடச் செய்யும். தோட்டத்திற்கு நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீர் விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. 200 நாள் தண்ணீர் விட்டால் சதுர மீட்டருக்கு 2 கிலோ உப்பு. அப்பள்ளித் தோட்டத்தின் பரப்பு 223 சதுர மீட்டர்; ஆகவே ஓர் ஆண்டுப் பாசனத்தில் நாமே ஏறத்தாழ 450 கிலோ உப்பை, ஐம்பது கிலோ மூட்டையில் ஒன்பது மூட்டையை, குழந்தைகளின் தோட்டத்தில் கொட்டியிருக்கிறோம். மழை அதில் ஒரு பகுதியைக் கழுவியிருக்கும். ஆயினும் கட்டாந்தரைமீது நாலேகால் அங்குல மண்ணில் அது கீழே இறங்கிப் போக வழி ஏது?

இவ்வுப்பு எங்கிருந்து வந்தது என்பது இப்பகுதி மக்களுக்குத் தெரிந்ததே. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டே வைக்கப்படுகிறது. தொழிற்சாலையில் முதல் வேலை அத்தோலைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்குவது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியபின் அதனுடன் இரசாயனக் கழிவும் சேர்ந்தது. பல்லாண்டுகள் இக்கழிவுநீர் வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் பாலாற்று மணலிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. தோல் பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் முதற்கட்ட மதிப்பீடு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அத்தீர்ப்பின் வழி அமைந்த ஆணையம் 2001இல் 15,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்திற்கும் 29,193 பேருக்கும் இழப்பீடு கணித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டு, பிற்பாடு கழிவுநீரை வெளியே விடாமல் மீட்கும் முறையும் வந்தது. ஆயினும் முன்னரே நிலத்தடியில் இறங்கிய உப்பு அங்கேயே இருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பகுதியின் இழப்பீடு குறித்தும் சுற்றுச்சூழலைச் சீராக்குவது குறித்தும் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இதற்கிடையே 2019இல் ஜில்லா மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. நிலத்தடி நீர் மாவட்ட எல்லையை அறியாது.

கெட்ட நிலத்தின்மேல் நல்ல மண்ணைக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூட்டங்களில் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். ஒரு ஹெக்டேருக்கு 15 சென்டிமீட்டர் மண் பரப்ப 1,500 கன மீட்டர் வேண்டும். 15,000 ஹெக்டேருக்கு இரண்டேகால் கோடி கன மீட்டர். டிராக்டர் கணக்கில் எழுபத்தைந்து லட்சம் நடை. அவ்வளவு மேல்மண்ணை எந்த ஊரின் வயலிலிருந்து வழித்தெடுப்பது? வயலை நல்ல தண்ணீரால் கழுவியும், களர் நிலமாயின் ஜிப்சம் இட்டும், தழையுரம் மடக்கி உழுதும்தான் சீர்செய்ய இயலும். ஓர் அடி ஆழ மண்ணின் உப்பில் பெரும்பகுதியை நீக்க, வடிகால் வசதி இருந்தால், ஏறத்தாழ ஓர் அடி உயர நல்ல நீர் உள்ளிறங்க வேண்டும் என்பது பாசன நிபுணர்கள் கொண்டுள்ள கணக்கு. மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவது தோட்டத்தைப் போன்ற சிறிய இடத்திற்கே கட்டுபடியாகும். அங்கும் அளவறிந்து செய்யவேண்டும்.

ஏரி வண்டலைப் பற்றியும் இதே தவறான எண்ணம் நிலவுகிறது. விவசாயத்திற்காக ஏரி, குளங்களிலிருந்து கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ள 2017இல் அரசு நிர்ணயித்த அளவு, ஏக்கருக்கு நஞ்சையில் 75 கன மீட்டர், புஞ்சையில் 90 கன மீட்டர். டிராக்டர் கணக்கில் முறையே 25 நடை, 30 நடை. அதாவது ஒரு நடைக்கு 3 கன மீட்டர். 2024இல் வட்டாட்சியரே இவ்வனுமதியை வழங்க வழி செய்யப்பட்டது. இந்த 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் சமமாகப் பரப்பினால் உயரம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவே. ஆறு அங்குலம் பரப்ப ஏக்கருக்கு 200 நடைக்கு மேல் வேண்டும். ஆகவே வண்டல் என்பது வயலுக்கு இடும் ஊட்டம் என்றே கொள்ளவேண்டும். புதிய தரை அமைக்கும் சரக்கு என்று கொள்ளக் கூடாது. அதிலும், கழிவுநீர் பாய்ந்த வரலாறுள்ள ஏரியின் வண்டலைச் சோதிக்காமல் தோட்டத்திற்குக் கொண்டுவருவது, விட்டுவந்த உப்பைத் தேடிப்போய் ஏற்றி வருவதாகும்.

ஆகையால் இப்பகுதியில் மண்ணின் அளவைக் கணக்கிடுமுன் மூன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பாய்ச்சப்போகும் தண்ணீரின் உப்பு, கீழே இருக்கும் தரையின் உப்பு, வரப்போகும் மண்ணின் உப்பு. விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ மண் பரிசோதனை நிலையத்திலோ இவற்றைச் சோதித்துக்கொள்ளலாம். முடிவு வருமுன் ஊரிலேயே செய்யத்தக்க ஒரு பரீட்சை உண்டு. வரப்போகும் மண்ணை ஒரு சட்டியிலும், நன்றாக விளையும் வயலின் மண்ணை மற்றொரு சட்டியிலும் இட்டு, இரண்டிலும் இருபது இருபது பச்சைப்பயறு விதைத்து, ஒரே நல்ல தண்ணீரைத் தெளித்து வரவேண்டும். ஒரு வாரத்தில் முளைப்பின் எண்ணிக்கையும் நாற்றின் உயரமும் விடை சொல்லும். நமது பள்ளிப் பிள்ளைகள் இதனைப் பாடமாகவே செய்தனர். ஆனால் குரோமியத்தை இப்பரீட்சை காட்டாது. அதற்கு இரசாயனச் சோதனையே வேண்டும். தோல் தொழிற்சாலையின் பழைய கழிவுக் குட்டைகள், கசடு கொட்டி மூடிய பள்ளங்கள், ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் சுற்றுப்புறம் போன்ற இடங்களிலிருந்து மண் வருமானால், எவ்வளவு மலிவாயினும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். குழந்தைகள் உண்ணும் கீரை அதில் வளரப் போகிறது.

பயிரின் தாங்கும் திறனும் கணக்கில் சேரும். மண்ணின் உப்பை டெசிசீமன் என்னும் அலகால் குறிப்பர். பீன்ஸ் 1 டெசிசீமனைத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளி இரண்டரை வரை பொறுக்கும். அறுகம்புல் ஏழுக்குச் சற்றுக் குறைவான அளவு வரையில் தாங்கும். வேர் செல்லும் ஆழமும் பயிருக்குப் பயிர் வேறு. புல்லுக்கு 4 முதல் 6 அங்குலம், கீரைக்கு 6 அங்குலம், கத்தரி, தக்காளி, வெண்டைக்கு 9 முதல் 12 அங்குலம் நல்ல மண் வேண்டும். மரக்கன்றுக்கு முழுத் தரைக்கும் மண் பரப்ப வேண்டியதில்லை. மூன்றடிக் குழி ஒன்றுக்கு 27 கன அடி போதும்.

பள்ளித் தோட்டத்தை மறுபடி அமைக்க முற்பட்டபோது இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். மண்ணிலிருந்து தொடங்காமல் தண்ணீரிலிருந்து தொடங்கினோம். பள்ளியின் கூரை 1,500 சதுர அடி. இப்பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 950 மில்லிமீட்டர் என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும், கூரையிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். நம்மிடம் இருந்த தொட்டி 10,000 லிட்டர் கொள்ளும். பழைய தோட்டம் முழுவதற்கும் நாளொன்றுக்கு 1,115 லிட்டர் தேவை. தொட்டி நிறைந்திருந்தாலும் ஒன்பதே நாளில் வற்றிவிடும். ஆகவே புல்தரையைக் கைவிட்டோம். தலைமை ஆசிரியருக்கு வருத்தந்தான். திறப்பு விழாவில் புல்தரையைப் புகழ்ந்து பேசியவர் அவர். அதற்குப் பதில் 15 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள மேட்டுப்பாத்திகள் பத்து வகுத்தோம். மொத்தம் 450 சதுர அடி. நாளொன்றுக்கு வேண்டிய நீர் 210 லிட்டர். அதே தொட்டி 48 நாள் வரும். மழையில்லா மாதங்களில் போர்த் தண்ணீரையும் இடையிடையே சேர்க்க நேரும். ஆனால் முன்போல் அது ஒன்றே கதி என்னும் நிலை இல்லை.

பாத்திகளைச் சுற்றிச் செங்கல் விளிம்பு கட்டி, அடியில் நீர் வடிய ஓட்டைகள் விட்டோம். தரையின் உப்பு ஈரத்துடன் மேலேறாதிருக்க 3 அங்குலம் கருங்கல் ஜல்லி பரப்பினோம். 450 சதுர அடிக்கு அது 112 கன அடி, ஒரு யூனிட்டுக்குச் சற்றே மேல். அதன்மேல் 9 அங்குல மண். 450ஐ முக்கால் அடியால் பெருக்க 337½ கன அடி. அமுங்குவதற்காக 1¼ ஆல் பெருக்க 422 கன அடி. இதில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம். அதை ஊரிலேயே சேகரித்தோம். மீதி 281 கன அடி மட்டுமே மண். 90 கன அடிப் பெட்டியில் மூன்று நடையும் ஒரு பத்துக் கூடையும். முதலில் வாங்கிய பன்னிரண்டு நடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு!

அந்த மூன்று நடை மண்ணும் விலைக்கு வாங்கியதன்று. மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் பண்ணைக் குட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டை வெட்டும்போது மேலே உள்ள ஓரடி மண்ணே வளமானது. அடியில் வருவது கிராவல். வழக்கமாக வளமான மண் கரையின் அடியில் புதைந்து, கிராவல் மேலே வந்துவிடும். மேல்மண்ணைத் தனியே குவித்து வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். அந்நிலத்தின் உரிமையாளர் தமது வயலுக்கு வேண்டியது போக மீந்ததைப் பள்ளிக்கு மகிழ்ச்சியுடன் தந்தார். வண்டிச் சத்தம் மட்டுமே செலவு. பயறுப் பரீட்சையில் அம்மண் தேறியது; பரிசோதனை நிலையத்தின் அறிக்கையும் அதையே கூறிற்று.

லோடு வந்து இறங்கும்போது கவனிக்க வேண்டிய சில உண்டு. பெட்டியில் மண் கூம்பாகத் தெரிவதைக் கண்டு மயங்காமல், பக்கப்பலகையின் மட்டத்திற்கு இழுத்துச் சமன்செய்து பார்க்க வேண்டும். எடையைக் கொண்டு அளப்பது ஏமாற்றம் தரும். ஒரு யூனிட் மண் ஏறத்தாழ மூன்றரை நான்கு டன் இருக்கும். மழையில் நனைந்தால் அதே மண் இன்னும் கனக்கும். ஒரு கைப்பிடி எடுத்து ஈரமாக்கிப் பிடித்தால் உருண்டையாக வேண்டும். விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். உதிராமல் பிசைந்த மாவாக நின்றால் களி மிகுதி. உருண்டையே ஆகாவிட்டால் மணல் மிகுதி. செம்மண் என்ற பெயரில் கிராவல் வருவதும் உண்டு. நிறத்தைப் பார்க்காமல் சல்லடையில் சலித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் பத்தடிக்கு ஒரு முளை அடித்து, நீர்மட்டக் குழாயால் சமன் குறித்து, ஒவ்வொரு முளையிலும் நிரப்ப வேண்டிய ஆழத்தை அளந்து சராசரி எடுக்க வேண்டும். கண்மதிப்பு இங்கே உதவாது. டேப்பு அடியில் இருக்கும், அரசாணை கன மீட்டரில் இருக்கும், டிராக்டர்காரர் யூனிட்டில் பேசுவார். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி என்பதைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஐப்பசி மழைக்கு முன்னதாக மண் நிரப்பினோம். தை பிறந்ததும் பிள்ளைகள் ஒவ்வொரு பாத்தியிலும் அளவுகோலை இறக்கி அளந்தனர். எட்டுப் பாத்திகளில் 9 அங்குலம் அப்படியே நின்றது. கூரைநீர் வந்து விழும் பக்கத்து இரண்டு பாத்திகளில் மண் எட்டு அங்குலமாக இறங்கியிருந்தது. 90 சதுர அடிக்கு ஓரங்குலம் என்றால் ஏழரைக் கன அடி. அமுங்குவதையும் சேர்த்து ஒன்பதரைக் கன அடி. இதை நாம் சொல்லுமுன் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். அந்த அளவு மண்ணைக் கூடைகளில் எடுத்து அவ்விரு பாத்திகளிலும் நிரப்பினார்கள்.